சின்னக் குழந்தைகளும் நூலகமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பொது நூலகத்துக்கு அழைத்துப்போவது பற்றிப் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டு நூலகங்களை மனத்தில் வைத்து எழுதியது. ஒரு கிளை நூலகத்தில் விடுமுறை நாட்களில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. பதில்களில் பாதி அங்கே கண்ணால் பார்த்தது.

எழுத்தே தெரியாத குழந்தைக்கு நூலகத்தில் என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. படிப்பதற்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியவை என்று சில உண்டு. புத்தகத்தை எந்தப் பக்கம் மேலே வைத்துப் பிடிப்பது, தாளை எப்படிப் புரட்டுவது, வரி இடமிருந்து வலமாக ஓடுகிறது, படம் ஒன்று சொல்ல எழுத்து இன்னொன்று சொல்கிறது, நாம் வாயால் சொல்லும் கதை அந்தக் கறுப்புக் கோடுகளுக்குள்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு இதெல்லாம் தானாக வந்தது போலத் தோன்றும். யாருக்கும் தானாக வரவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துத்தான் வந்தது.

வீட்டில் நாலைந்து புத்தகங்கள் இருந்தாலும் இது நடக்கும். ஆனால் நூலகத்தில் குழந்தை பெரிய புத்தகம், குட்டிப் புத்தகம், தாத்தா படிக்கும் தடிப் புத்தகம், நாளிதழ், வரைபடம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிறது. முன்பின் தெரியாத மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதையும் பார்க்கிறது. அம்மா சொல்வதால் செய்கிற காரியமில்லை, பெரியவர்கள் தங்கள் விருப்பத்துக்குச் செய்கிற காரியம் இது என்று அதற்குப் புரிகிற இடம் அதுதான். அதனால் இரண்டரை, மூன்று வயதிலேயே அழைத்துப் போகலாம். 'முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம்.

சரி, அங்கே போய்க் குழந்தை உண்மையில் என்னதான் கற்றுக்கொள்கிறது?

என்னைக் கேட்டால் முதலில் சொல்வது இதுதான்: தானே தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்கிறது. நான்கு வயதுப் பிள்ளையின் நாளை யோசித்துப் பாருங்கள். என்ன சாப்பிடுவது, எந்தச் சட்டை போடுவது, எப்போது தூங்குவது, எந்தப் பள்ளிக்குப் போவது என எல்லாமே பெரியவர்கள் முடிவு. கடைக்குப் போனால் விலை தடுக்கும். நூலகத்தில் அந்தத் தடை கிடையாது. அலமாரி முன்னால் நின்று ஒன்றை எடுத்து, பார்த்து, பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டு, இன்னொன்றை எடுக்கலாம். தவறாக எடுத்துவிட்டாலும் நட்டமில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். ஒரு விருப்பம் தனக்கு இருக்கிறது, அது நேற்றைக்கு இருந்ததைவிட இன்று மாறியிருக்கிறது என்பதையெல்லாம் குழந்தை இப்படித்தான் தெரிந்துகொள்கிறது.

இந்த வசதி தானாக வந்ததல்ல. வாசகர் நேரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுப்பதை அனுமதிக்காத காலம் இருந்தது. சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர் உள்ளிருந்து எடுத்து வருவார். சீர்காழியில் 1892-ல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், அலமாரிகளைத் திறந்து வைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்று 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்காகவே என்பது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது. இந்த இரண்டும் பேராசிரியருக்குப் பொருந்துகிற அளவு நான்கு வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும்.

இரண்டாவதாக, தனக்குப் பிடித்த ஒன்று தனக்கு மட்டும் சொந்தமில்லை என்பது. இந்தப் புத்தகத்தை நமக்கு முன்னால் யாரோ ஒரு அக்கா படித்திருக்கிறாள், நமக்குப் பின்னால் ஒரு தம்பி படிப்பான். தேதிச் சீட்டில் வரிசையாக விழுந்திருக்கும் முத்திரைகளைக் காட்டி இதைச் சொல்லிப் பாருங்கள், ஐந்து வயதுக்கு நன்றாகவே புரிகிறது. பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது முதல் தடவை கஷ்டம்தான். சில பிள்ளைகள் அழுவார்கள். மறுபடியும் எடுக்கலாம் என்பது தெரிந்ததும் அழுகை நின்றுவிடும்.

மற்றவையும் உண்டு. திருப்ப வேண்டிய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு எண்ணுவது, தெரியாத ஒருவரிடம் தயங்காமல் கேள்வி கேட்பது, தேடுகிற புத்தகம் வேறொருவர் வீட்டில் இருந்தால் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம்.

தானே எடுக்க விட்டால் பழைய, கந்தலான, ஒன்றுக்கும் ஆகாத புத்தகமாகப் பார்த்து எடுக்கிறானே?

எடுக்கட்டும். அதே டைனோசர் புத்தகத்தை நான்காவது தடவையாக எடுத்தாலும் விடுங்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த வயதின் இயல்பு. முதல் தடவை கதை, அடுத்த தடவை சொற்கள், அதற்கும் பிறகு படத்தின் மூலையில் இருக்கும் பூனைக்குட்டி என ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ பிடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கவலையும் நியாயம்தான். அதற்கு ஒரு வழி சொல்கிறேன்: ஒன்று அவன் விருப்பம், ஒன்று உங்கள் விருப்பம். உங்கள் புத்தகத்தை அவன் தொடாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நீங்களே அதை ஆர்வமாகப் புரட்டுங்கள். பாதி நாட்களில் பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பான்.

வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது ஒரு தமிழ். குழந்தைக்கு எப்படிப் புரியும்? பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லிவிடலாமா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற கேள்வி இது. நம் பிள்ளைகள் 'நாய் ஓடிவந்துச்சு' என்று பேசுகிறார்கள். புத்தகமோ 'நாய் ஓடி வந்தது' என்கிறது. 'என்னால முடியல' என்பது 'என்னால் முடியவில்லை' ஆகிறது. ஒன்றாம் வகுப்பில் சேரும்போது பிள்ளை எழுத்துகளை மட்டும் கற்பதில்லை, அதுவரை காதில் விழாத ஒரு நடையையும் சேர்த்துக் கற்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பாடம் கஷ்டம் என்று பிள்ளைகள் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 247 எழுத்துகளையும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, ஒரு பத்தியைப் படித்தால் புரியவில்லை என்று நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மருந்து காதில்தான் இருக்கிறது. மூன்று வயதிலிருந்தே எழுத்துத் தமிழைக் கதையாகக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, பள்ளியில் அது புது மொழியாக இருக்காது. அதனால் முதல் தடவை வாசிக்கும்போது புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள். வரியை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். நடுவில் நிறுத்திப் பேசும்போது வீட்டுத் தமிழுக்கு வந்துவிடுங்கள்: 'பாத்தியா, யானைக்குக் கோவம் வந்துடுச்சு!' அப்புறம் மறுபடி புத்தகத்துக்குப் போங்கள். இரண்டு நடைக்கும் நடுவே இப்படிப் போய் வருவது குழந்தைக்குக் குழப்பம் தருவதில்லை. கொஞ்ச நாளில் விளையாட்டில் அரசனாக நடிக்கும்போது 'யாரங்கே! உடனே வாருங்கள்!' என்று அவர்களே பேசுவார்கள்.

கதையை முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே சொல்வதும் நல்லதுதான், பாட்டி கதை அப்படித்தான் வந்தது. அது கதை சொல்வது, இது வாசித்துக் காட்டுவது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

ஆங்கிலப் புத்தகம் எடுப்பதா, தமிழ்ப் புத்தகம் எடுப்பதா?

வீட்டில் எந்த மொழியில் சிரித்துப் பேசுகிறீர்களோ அந்த மொழியில் தொடங்குங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அது தமிழ். ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்திருப்பதால் ஆங்கிலப் புத்தகம் மட்டும்தான் என்று முடிவு செய்தால், அந்தப் பிள்ளைக்குத் தமிழில் வாசிக்க வேறு இடமே இல்லாமல் போகும். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு மொழியும் இருக்கும் படப் புத்தகங்களும் உண்டு. சென்னையின் துளிகா பதிப்பகம் அப்படிப் பல வெளியிட்டிருக்கிறது. 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட குழந்தை நூல்களின் தமிழ்ப் பதிப்புகள் பழைய கிளை நூலகங்களில்கூடக் கிடைக்கும். தாள் மங்கியிருக்கலாம், படங்கள் இன்னும் அழகு.

கனம் குறைந்த புத்தகம் தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. அரசுப் பள்ளிகளுக்காகக் கொண்டுவந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக இருக்கின்றன. வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு 'நுழை' சரியான அளவு. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சத்தம் போடுவாள், ஓடுவாள். எல்லோரும் முறைப்பார்களே?

முதல் சில தடவை கொஞ்சம் நேரம் மட்டும் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். பசியும் தூக்கமும் இல்லாத நேரமாகப் பாருங்கள். உள்ளே போகும் முன்பே வாசலில் நின்று, 'உள்ளே நாம காதுக்குள்ள பேசுற மாதிரி பேசலாம்' என்று சொல்லிவிடுங்கள். 'வாயைத் திறக்கக் கூடாது' என்று மட்டும் சொல்லாதீர்கள். படத்தைப் பார்த்து 'ஐ, குரங்கு!' என்று கத்துவது தவறில்லை, குரலைத் தணித்துச் சொல்லலாம் என்று காட்டுவதுதான் நம் வேலை. பக்கத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்ற காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்த கட்டுப்பாட்டைக் குழந்தைகள் நாம் நினைப்பதைவிட நன்றாக மதிக்கிறார்கள்.

அழுது அடம்பிடித்தால் வெளியே தூக்கி வந்துவிடுங்கள். அடுத்த வாரம் மறுபடி போகலாம். திட்டி அடக்கி உட்காரவைத்தால் அந்தக் கட்டடத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

எங்கள் கிளை நூலகத்தில் குழந்தைகளுக்கு என்று இருப்பது ஒரே ஒரு அலமாரி. அதுவும் பூட்டியிருக்கிறது. மேசை முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். அங்கே எப்படிக் கூட்டிப்போவது?

பல ஊர்களில் நிலைமை இதுதான், மறைக்க வேண்டியதில்லை. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் அந்த மேசை மிகவும் தேவை. வீட்டில் இடமில்லாமல்தான் அங்கே வருகிறார்கள். ஆகவே இருவருக்கும் இடம் கிடைக்கும்படி ஏதாவது செய்ய வேண்டும்.

முதலில் நூலகரிடம் பேசுங்கள். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டே பேசுங்கள். பூட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் பயம்தான்: புத்தகம் தொலைந்தால், கிழிந்தால் கணக்குக் கேட்கப்படுவது அவர்தான். 'நாங்கள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் திறந்து கொடுங்கள், போகும்போது நாங்களே அடுக்கி வைத்துவிடுகிறோம்' என்று கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. குழந்தைகள் புத்தகத்தை மேல் தட்டில் வைத்திருந்தால் கீழ்த் தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். இது செலவே இல்லாத காரியம், பலன் பெரிது. கைக்கு எட்டினால்தான் தேர்வு என்பது நடக்கும்.

அடுத்தது, வாசகர் வட்டம். பல நூலகங்களில் அப்படி ஓர் அமைப்பு இருக்கும், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள் நடத்துவார்கள். இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து போய், வாரத்தில் ஒரு மணி நேரம், வராண்டாவிலோ மரத்தடியிலோ ஒரு பாய் விரித்துக் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறோம் என்று சொல்லுங்கள். வெளியே நடப்பதால் உள்ளே படிக்கிறவர்களுக்குத் தொந்தரவில்லை. எங்கள் ஊரில் இப்படித்தான் தொடங்கியது. குழந்தைகள் வரத் தொடங்கினால் குழந்தைப் புத்தகங்கள் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்க நூலகருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரி பெரிய இடத்துக்கே போய்விடலாமா?

ஒரு தடவை கட்டாயம் போங்கள். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அந்த நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய செயற்கை மரம், சுற்றிலும் அவர்கள் உயரத்துக்கு அலமாரிகள். அங்கேயே பார்வையற்றோருக்கான பிரெய்லி பிரிவும் உண்டு. விரல்களாலும் படிக்க முடியும் என்பதை ஆறு வயதில் தெரிந்துகொள்வது சின்ன விஷயமல்ல. அங்கே படிக்கிறவர்களை வேடிக்கை பார்க்காமல், அனுமதி கேட்டு ஒரு பிரெய்லி பக்கத்தைத் தடவிப் பார்க்க வையுங்கள். மதுரையில் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கு விரிவான பகுதி இருக்கிறது.

ஆனால் பழக்கம் வருவது நடந்து போகிற தூரத்தில் இருக்கிற நூலகத்தில்தான். ஆண்டுக்கு ஒரு தடவை போகும் பெரிய நூலகம் சுற்றுலா. வாராவாரம் போகும் கிளை நூலகத்தில்தான் நூலகர் குழந்தையின் பெயரைத் தெரிந்துகொள்வார், 'உனக்குப் பிடிக்கும்னு இதை எடுத்து வச்சேன்' என்பார்.

புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டுமா?

ஆறேழு வயதுக்கு அது நல்ல விளையாட்டு. அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-ல் வெளியிட்ட, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்கும் தசம முறைப்படி அடுக்கியிருந்தால், விலங்குகள் 590-ல் இருக்கும், அதிலேயே பறவைகள் 598. வானியல் 520. சமையல் 641. '598 எங்கே இருக்கு, கண்டுபிடி' என்று அனுப்பிப் பாருங்கள். எண் வரிசை, ஒரே இனமானவை ஒரே இடத்தில் இருக்கும் என்ற அறிவு, தேடிப் போனால் கிடைக்கும் என்ற நம்பிக்கை மூன்றும் ஒன்றாக வரும். வேறு முறையில் அடுக்கியிருந்தாலும் பரவாயில்லை. நம் ரங்கநாதனே 1933-ல் கோலன் பகுப்பு என்று தனியாக ஒரு முறையை வெளியிட்டார். எந்த முறை என்று நூலகரிடம் கேட்கும் வேலையைக் குழந்தைக்கே கொடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை. எடுத்த புத்தகத்தைத் தானாகவே அலமாரியில் செருக விடாதீர்கள், இடம் மாறிவிட்டால் அடுத்தவருக்குக் கிடைக்காது. மேசையில் வைக்கச் சொன்னால் போதும்.

எனக்கே சரியாகப் படிக்கத் தெரியாது. நான் கூட்டிப்போய் என்ன பயன்?

உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கூட்டிப்போவதே பெரிய காரியம். எழுத்தே இல்லாமல் படங்களாலேயே கதை சொல்லும் புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்குங்கள். படத்தைப் பார்த்து நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள், அவள் ஒரு கதை சொல்லட்டும். 'இவன் ஏன் அழறான்? அடுத்து என்ன ஆகும்?' என்று பேசிக்கொண்டே புரட்டினால் போதும். கதை வாசிக்கும் நேரம் நடக்கிற நூலகமாக இருந்தால் நீங்களும் கூடவே உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளை படிக்கத் தொடங்கிய பிறகு, உங்களுக்கு அவள் வாசித்துக் காட்டட்டும். திருத்தாமல் ஆசையாகக் கேட்கிற ஒருவர் எதிரில் இருந்தால் பிள்ளைகள் எவ்வளவு தைரியமாகப் படிக்கிறார்கள் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கைபேசியிலேயே ஆயிரம் கதை இருக்கிறதே?

இருக்கிறது, நல்லவையும் இருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. மடியில் உட்காரவைத்துச் சேர்ந்து படித்தால் அதுவும் வாசிப்புதான். ஆனால் கைபேசியைத் தனியாகக் கையில் கொடுத்தால் அடுத்தது என்ன என்பதை அதுவே முடிவு செய்து ஓட்டிக்கொண்டிருக்கும். நிறுத்திப் பார்க்கவோ, பின்னால் புரட்டவோ குழந்தைக்கு நேரம் கிடைக்காது. நான் முதலில் சொன்ன தேர்வு அங்கே நடப்பதில்லை.

எங்கள் ஊரில் நூலகமே இல்லை.

1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அந்த வண்டி கிளம்பியபோது ரங்கநாதனும் இருந்தார். புத்தகம் இருக்கும் இடத்துக்கு ஆள் வர முடியாவிட்டால், ஆள் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்ற எண்ணம் இங்கே அவ்வளவு பழையது. இன்று உங்களால் செய்யக்கூடியது: அரசுப் பள்ளியில் இருக்கும் நூலகப் புத்தகங்களை வாரத்தில் ஒரு நாள் வெளியே எடுத்து வைக்கத் தலைமை ஆசிரியரிடம் கேட்பது, பக்கத்து ஊர் நூலகத்தில் நாலைந்து வீட்டுக்காரர்கள் உறுப்பினராகி, ஒருவர் போய் எல்லோருக்கும் எடுத்து வந்து சுற்றில் விடுவது. ஊராட்சிக் கூட்டத்தில் ஊர்ப்புற நூலகம் கேட்டு மனுக் கொடுப்பதும் வீண்போகாது, எழுத்தில் கொடுங்கள்.

உறுப்பினர் ஆக நிறையச் செலவாகுமா?

ஆகாது. அடையாளச் சான்று, முகவரி, சின்னக் காப்புத் தொகை, சந்தா, அவ்வளவுதான். உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் காசே வேண்டாம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில்தான், 1948-ல். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஆகவே யாரிடமும் தயவு கேட்டுப் போவதாக நினைக்க வேண்டாம், அது உங்கள் நூலகம். பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. கதவில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையை அழைத்துப் போங்கள். ஆசையாகக் கிளம்பிப் பூட்டிய கதவைப் பார்ப்பது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

படித்து முடித்ததும் கேள்வி கேட்டுச் சோதிக்கலாமா? நோட்டில் எழுத வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பள்ளியில் அதுதான் நாள் முழுக்க நடக்கிறது. 'கதையின் நீதி என்ன?' என்ற கேள்வியை மட்டுமாவது விட்டுவிடுங்கள். பேச வேண்டும் என்று தோன்றினால் உங்களுக்குப் பிடித்த பக்கம் எது என்று நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் தங்கள் பக்கத்தைத் தேடிக் காட்டுவார்கள். நடுவில் அலுத்துப்போய் மூடிவிட்டால் முடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம்.

புத்தகத்தைக் கிழித்துவிட்டால்?

சின்னப் பிள்ளை கையில் தாள் கிழிவது சகஜம். வீட்டிலேயே செலோடேப் ஒட்டாதீர்கள், நாளானால் மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். கிழிந்த துண்டைப் பத்திரமாக அந்தப் பக்கத்திலேயே வைத்து எடுத்துப் போங்கள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய், 'கிழிஞ்சுபோச்சு, மன்னிச்சிடுங்க' என்று அதையே சொல்ல வையுங்கள். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். நூலகர் ஒட்டித் தருவார், அல்லது அதே புத்தகத்தை வாங்கித் தரச் சொல்வார், வாங்கிக் கொடுத்துவிடுங்கள். குழந்தைப் புத்தகங்கள் பலவும் நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும். இதற்குப் பயந்து உறுப்பினர் அட்டையைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.